பழவேற்காட்டில் இரண்டு நாள்

சென்ற பிப்ரவரியில் நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு யோசனையுடன் காரியக் குழுவின் முன் வந்தனர். சனி, ஞாயிறு இரு நாட்களும் குடும்பங்களாகக் கடற்கரைக்குச் செல்வது. கூடாரம் அடித்து இரவு தங்குவது. கயாக் என்னும் சிறு படகுகளில் ஆளுக்கொருவராக அமர்ந்து, துடுப்புப் போட்டுச் சென்று தூண்டிலில் மீன் பிடிப்பது. மேல்நாடுகளில் இப்பொழுது பலருக்கு இது விருப்பமான பொழுதுபோக்காம். திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு மலை உண்டு, ஏரி உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆகவே யோசனை உடனே நிறைவேறியிருக்கும், ஓர் அம்மையார் எழுந்து பேசாதிருந்தால்.

"பழவேற்காட்டுக்கா போகிறீர்கள்? 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அங்கே நடந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லையா?" என்று அவர் கேட்டார்.

சபையில் பேச்சு நின்றுவிட்டது. அன்று உல்லாசமாகப் படகேறிச் சென்றவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டனர். அதன் பின் அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அம்மையாரின் இரண்டு பிள்ளைகளும் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இறுதியில், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இன்றி எவரும் நீரில் இறங்கலாகாது என்றும், கயாக் விடலாமா என்பதை முன்னதாகவே விசாரித்து அறிய வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பிறருடைய ரயில் நேரங்களை விசாரித்துச் சொல்லுவதில் எனக்குள்ள சுறுசுறுப்பு இதில் இல்லாமற் போயிற்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். "கயாக் சின்னஞ்சிறு படகுதானே, இதற்கெல்லாமா தடை இருக்கப் போகிறது?" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியுமுன் இரண்டு வேன்களில் புறப்பட்டோம். ஒரு வேனின் கூரையில் வாடகைக்கு எடுத்த நான்கு கயாக்குகள், மஞ்சளும் சிவப்புமாகக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. காளத்தி, நாயுடுப்பேட்டை வழியாகச் சூளூர்ப்பேட்டையை அடைந்து, ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையில் சிறிது தூரம் போய் நின்றோம். இருபுறமும் ஏரி. ஆழமற்ற அந்நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாகத் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. 2022-இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது சூளூர்ப்பேட்டை அதனுடன் சேர்ந்தது. ஆதலால் இந்த ஏரியின் ஒரு பகுதி இன்று நம் மாவட்டத்து ஏரிதான். ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்பகுதியும் பழவேற்காடு ஊரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. 1960-இல் திருத்தணி அங்கே போய்ச் சத்தியவேடு இங்கே வந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு எல்லைக்கோடு புதிதன்று. ஆனால் நீரின் மேல் கோடு கிழிப்பது எப்படி என்று ஒரு சிறுவன் கேட்டதற்கு எங்களில் எவரும் விடை சொல்லவில்லை.

பிறகு தடா, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு அருகில் ஒரு குப்பத்தை அடைந்தோம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சவுக்குத் தோப்பில் கூடாரம் அடிக்க அனுமதி பெற்றோம். கயாக்குகளை இறக்கத் தொடங்கியபோதுதான் ஒரு முதியவர் வந்து நின்றார். எழுபது வயதுக்குக் குறையாது. வெயிலில் கறுத்து இறுகிய உடம்பு.

"தம்பி, இவற்றை எங்கே விடப் போகிறீர்கள்?"

"ஏரியில்தான், பெரியவரே. தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம் என்று வந்திருக்கிறோம்."

"வேடிக்கைக்குப் படகு விட இங்கே அனுமதி கிடையாது. அது போகட்டும், எந்தப் பாட்டில் பிடிக்கப் போகிறீர்கள்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் மணலில் அமர்ந்து விளக்கினார். நம் கண்ணுக்கு ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும் ஏரி, அவர்களுக்குப் பல பாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பாடு என்பது வலை கட்டி இறால் பிடிக்கும் இடம். எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்துக்கு மதிப்பு அதிகம். அதை ஒரே வீட்டார் ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டால் மற்றவர் பட்டினி கிடக்க வேண்டும். ஆகவே உரிமையுள்ள குப்பத்தார் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன பாடு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். முன்பதிவுப் பட்டியலோடு வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு இது உடனே பிடிபட்டது. உறுதியான படுக்கை எண்ணுடன் வருபவரின் இடத்தில் சீட்டே வாங்காத நால்வர் ஏறி அமர்வதற்கு ஒப்பான காரியத்தைத்தான் நாங்கள் செய்ய இருந்தோம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர் இவ்வாறே சீட்டுப் போட்டு வலையிடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு.

இளைஞர்களின் முகம் வாடிவிட்டது. குற்றம் என்னுடையது, அவர்களோ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

முதியவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். எழுந்து சென்று ஒரு கயாக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அமருமிடத்தின் அருகே மேலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்லும் துளைகளில் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஏறிய தண்ணீர் இதன் வழியே இறங்கிவிடும், அப்படித்தானே? இது எங்கள் கட்டுமரம்தான், தம்பி!" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கயாக் வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களின் படகு. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்காக அதை உண்டாக்கினார்கள். அதில் ஆள் உள்ளே புகுந்து அமர்வான்; கவிழ்ந்து நீர் புகுந்தால் ஆபத்து. இன்று மீன்பிடிப் பொழுதுபோக்குக்குப் பலர் விரும்பும் பிளாஸ்டிக் கயாக்கிலோ மேலே அமர்கிறோம். உள்ளே காற்று அடைபட்டிருக்கும்; அலை ஏறினாலும் நீர் துளை வழியே வடிந்துவிடும். நம் கட்டுமரத்தின் சூத்திரமும் இதுவே. இலேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால், நீர் நிறைவதற்கு அதில் குழியே இல்லை. இடைவெளிகளில் ஏறிய நீர் இடைவெளிகளிலேயே இறங்கும். கரை சேர்ந்ததும் அவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள். டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளிவந்த தமது பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று வழங்குவது நம் சொல்லே. ஆனால் இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட உல்லாசக் கப்பலைக் குறிக்கிறது. கரையிலோ 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன.

மாலையில் குப்பத்தின் பின்புறம், முழங்கால் ஆழ நீரில், முதியவர் தமது பழைய கட்டுமரம் ஒன்றை நீண்ட கயிற்றால் முளையில் கட்டி மிதக்கவிட்டார். லைஃப் ஜாக்கெட் அணிந்த பிள்ளைகளை இருவர் இருவராக ஏற்றினார். துடுப்பு போடக் கற்றுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முதலில் அவர்களைப் பிடித்து நீரில் தள்ளினார்! "விழத் தெரியாதவனுக்குத் துடுப்பு எதற்கு?" என்பது அவர் கட்சி. விழுந்தவன் மரத்தை விட்டு விலகக்கூடாது. பக்கவாட்டில் வந்து, நெஞ்சை மரத்தின் குறுக்கே போட்டு, காலை உதைத்து ஏற வேண்டும். பத்து முறை விழுந்து பத்து முறை ஏறிய பிறகே துடுப்பு கைக்கு வந்தது. சபையில் கேள்வி கேட்ட அம்மையார் கரையில் நின்று முதலில் கண்ணை மூடிக்கொண்டார், ஐந்தாம் முறைக்குப் பின் தம் மகனைப் பார்த்து, "காலை உதை, காலை உதை!" என்று கூவத் தொடங்கிவிட்டார்.

காற்றைப் பற்றியும் அவர் சொன்னார். இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். பகல் ஏறியதும் கடலிலிருந்து கரையை நோக்கித் திரும்பும். முன்னோர் இருட்டில் பாய் விரித்துப் போனதும் பகலில் திரும்பியதும் இந்தக் கணக்கில்தான். புதியவனுக்கோ விடியற்காலைக் கடலைப் போல் ஏமாற்றுவது வேறொன்றில்லை. கரையோரம் நீர் கண்ணாடிபோல் கிடக்கும்; துடுப்பு எளிதாகப் போகும்; அவன் தன் கை வலிமை என்று எண்ணுவான். திரும்பும்போதுதான் தள்ளியது காற்று என்று தெரியும். இலேசான கயாக்கைக் காற்று இலையைப்போல் கொண்டுபோய்விடும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று பற்றிய முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. எந்தக் கரைக்குச் சென்றாலும் அதைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

இரவுச் சமையல் தோப்பில் நடந்தது. குப்பத்திலே விலைக்கு வாங்கிய மடவை மீன் குழம்பில் கொதித்தது. மீன் உண்ணாத இரு குடும்பத்தாருக்குத் தனி அடுப்பில் புளியோதரையும் தயிர் சோறும் ஆயின. அவர்கள் அடுப்பைக் காற்றுக்கு மேற்புறமாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டதில் கொஞ்சம் வேடிக்கையும் நடந்தது. நாங்கள் கொண்டுபோன பெரிய மின்விளக்குகளை மட்டும் முதியவர் அணைக்கச் சொன்னார். பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிட வரும் பருவம் அது. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை கரையேறத் தயங்கும். பொரித்த குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஊரும். இருட்டில் அமர்ந்து உண்டோம். ஆமை ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு காலை கரையில் நின்றே தூண்டில் போட்டார்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டு சிறு கிழங்கான்கள் கிடைத்தன. அவற்றைப் படம் எடுத்ததில் சென்ற நேரம் பிடித்ததில் சென்றதைவிட அதிகம்.

கயாக்குகள் நனையாமலே ஊர் திரும்பின. பொருளாளர் என்னிடம் ஒரு கேள்விக் கடிதம் கொடுத்திருக்கிறார்: 'படகு வாடகை, இரண்டு நாள், பயன்படுத்தப்படவில்லை, இச்செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?' விசாரிக்கத் தவறியவன் நான் ஆகையால் அத்தொகையை நானே கட்டிவிட்டேன். லைஃப் ஜாக்கெட்டுகள் பத்தைச் சங்கமே சொந்தமாக வாங்குவதென்று சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவாயிற்று. முன்மொழிந்தவர் அந்த அம்மையார். அடுத்த பயணத்துக்கு அனுமதி விசாரிக்கும் பொறுப்பும் இம்முறை அவரிடமே சென்றிருக்கிறது; நீந்தத் தெரியாத பிள்ளைகளின் பெயர்களை இம்மாத இறுதிக்குள் அவரிடம் கொடுத்துவிடவும்.