பட்டதாரிகள் மேல் சுமத்தும் பழி

‘வேலைக்கா பஞ்சம்? செய்வதற்குத்தான் ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் அரசு நாற்காலிக்கே காத்துக் கிடக்கிறார்கள்’ என்னும் பேச்சு பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் திருமண விருந்துகளிலும், சில வேளைகளில் மறையுரையிலுங்கூட நாம் கேட்டுப் பழகியது. கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கும் இக்கூற்று உண்மைக்குப் புறம்பானது. இளைஞருக்கு இழைக்கப்படும் அநீதியும் ஆகும் என்பதே என் கட்சி.

இப்பேச்சைப் பேசுவோர் ஒருமுறை கரியாலூர்வரை வரட்டும். கல்வராயன் மலைமீதுள்ள அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து இம்மலை அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான். மரவள்ளியும் சாமையும் தந்த காசிலும், கடுக்காய் பொறுக்கி விற்ற காசிலும் ஒரு மகனோ மகளோ ஆத்தூருக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கிச் சென்று பட்டம் பெற்றால், பெரும்பாலும் அக்குடும்பத்தின் முதற்பட்டம் அதுவாகவே இருக்கும். பட்டத்தோடு மலையேறி வந்தபின் அங்கே என்ன இருக்கிறது? மரவள்ளிக் கிழங்கு சேலத்துச் சேகோ ஆலைகளை நாடி இறங்குகிறது. ஆலைகள் மலையேறி வருவதில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023இல் ஒப்பந்தமானபோது 20,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். வரவேற்போம். ஆனால் காலணி தைக்கும் கைகளுக்குத் தாவரவியல் பட்டம் எதற்கு?

பட்டமில்லாதோருக்கு மலை காட்டிய வழிகள் நாடறிந்தவை. மிளகு பறிக்கக் கேரளம். பின்னலாடை தைக்கத் திருப்பூர். மரம் வெட்ட ஆள் தேடிவரும் தரகர்களை நம்பிச் சென்றால் முடிவு எப்படியிருக்கும் என்பதை, 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் குண்டுக்கு இரையான தமிழகத் தொழிலாளர் 20 பேரின் சாவு காட்டிற்று. மற்றொரு வழி சாராய ஊறல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், கல்வராயன் மலைமக்களின் அவலநிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இவ்வழிகளையெல்லாம் மறுத்து, புத்தகமும் கையுமாக ஓராண்டு காத்திருக்கும் இளைஞரையா சோம்பேறி என்பது?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டம் பெற்ற இளைஞரிடையே 29.1 விழுக்காடு. எழுத்தறியாதவருக்குச் சும்மா இருக்க வசதியில்லை, கிடைத்த கூலிக்குப் போகிறார் என்று சிலர் மறுமொழி சொல்வர். மெய்தான். படித்தவரும் அதே கூலிக்குத்தான் போகவேண்டுமெனில், பதினைந்து ஆண்டுகள் படிக்கச் சொன்னோமே, எதற்காக? ‘திறன் போதவில்லை’ என்பது இன்னொரு சாக்கு. திறன் வளர்க்க அரசு 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது நன்றே. ஆயினும் பயிற்சி ஆளைத்தான் ஆயத்தப்படுத்தும். இல்லாத வேலையை உண்டாக்கித் தராது.

அரசு வேலை மோகத்தையும் எண்ணிப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டுத் தொகுதி நான்கு தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பே போதும் என்ற அத்தேர்வுக்குப் பட்டதாரிகள் முண்டியடிக்கிறார்கள். பழங்குடியினருக்கு ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. மேற்சொன்ன எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 62 இடம், மாநிலம் முழுமைக்கும்! அறிந்தும் ஏன் எழுதுகிறார்கள்? சிபாரிசின்றி நுழையக்கூடிய வாயில் அவர்களுக்கு அது ஒன்றே. வினாத்தாள் யாரிடமும் ‘உன் மாமன் யார்?’ என்று கேட்பதில்லை.

நம் பள்ளிகளும் கல்லூரிகளும் கேட்காமல் இருக்கின்றனவா? அரசு உதவிபெறும் நம் பள்ளிகளில் ஊதியம் அரசினுடையது. ஆளைத் தேர்வது நிர்வாகம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையோருக்கு அளித்த உரிமையின் பயன் இது. அவ்வுரிமையைக் காக்கப் பேரணி நடத்துகிறோம்; அது யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்கத் தயங்குகிறோம். காலியிடம் உண்டென்ற செய்தி, அது நிரம்பிய பிறகே பல பங்குகளை எட்டுகிறது. சுயநிதிப் பிரிவுகளின் கதை வேறு. முதுகலை முடித்தவருக்குத் தொகுப்பூதியம் என்ற பெயரில் கொத்தனாரின் கூலிக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு, அதை மறைப்பணி என்கிறோம்!

1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தக்க கல்வியும் பயிற்சியும் பெற்றபின் வேலையின்றி வாடும் இளையோரின் துயரைத் தனியே குறிப்பிடுகிறார். நேரடியாக வேலை தருவோரோடு, வேலையின் நிலைமைகளை வகுக்கும் நிறுவனங்களும் அமைப்புகளும் மறைமுக முதலாளிகளாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறார். நம் நிறுவனங்களோ நேரடி முதலாளிகளே.

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்களிடம் உரிமையாளர் காரணம் கேட்கிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அவர் நம்புகிறார். திறன் குறைவென்று அறிவுரை கூறாமல் தோட்டத்துக்கு அனுப்புகிறார்; முழுக்கூலியும் தருகிறார். அவருடைய தாராளத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டுவிட்டோம். அத்தொழிலாளரின் விடையைப் பற்றி ஒன்றையேனும் கேட்டோமா?

அடுத்த கல்வியாண்டுக்கான இடங்கள் நிரப்பப்படுமுன் காலியிட அறிவிப்பு எல்லாப் பங்குக் கோவில்களின் கதவிலும், கல்வராயன் மலையூர்களிலும் ஒட்டப்படவேண்டும். எழுத்துத் தேர்வு வேண்டும், மதிப்பெண்களை வெளியிடவேண்டும். மறைமாவட்ட நிறுவனங்களில் இன்று எத்தனை மலையாளிப் பட்டதாரிகள் பணியாற்றுகிறார்கள், என்ன ஊதியம் பெறுகிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு பங்குப் பேரவையும் எழுத்தில் கேட்டுப் பெறட்டும்.