தோரணம் போதுமா?

சுங்கைப் பட்டாணியில் மின்தொடர்வண்டி ஏறும் கெடா இளைஞன் கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குகிறான். அங்கிருந்து நடைபாதை வழியே சென்றால், 2017 இல் திறக்கப்பட்ட முசியம் நெகாரா சுரங்க நிலையம். மண்ணுக்கடியில் வண்டி மாறித் தன் வழியே போய்விடுகிறான். அருகிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தன் தோட்டத்தின் கதையே மறுபடியும் நிகழ்ந்திருப்பதை அவன் அறியான். அறிவிக்க வேண்டிய நாமும் வாய் திறப்பதில்லை.

செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற அவ்வட்டாரத்தில், இரயில்வேயில் பணிபுரிந்த தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்கள் குடியிருந்தது இரயில்வேயின் வீடு. நின்றது இரயில்வேயின் நிலம். பழைய இரயில்வே முற்றம் 2001 இல் கேஎல் சென்ட்ரல் ஆயிற்று. சுற்றிலும் மாடமாளிகைகள் எழுந்தன. பழைய குடியிருப்புகள் பல மறைந்தன. 2010 இல் அவ்விடத்திற்கு 'லிட்டில் இந்தியா' என்று விழா எடுத்தனர். 2015 இல் தோரண வாயிலும் திறந்தனர். குடியிருந்தோர் வெளியேறிய தெருவுக்கு வரவேற்பு வளைவு! என்னே விந்தை!

"வளர்ச்சியைத் தடுக்கலாமோ?" என்பார் உளர். தடுக்கச் சொல்வார் யார்? சுரங்க வண்டியால் நன்மை உண்டு. நாமும் அதில் பயணம் செய்கிறோம். வேலை போனால் வீடும் போகும் என்னும் ஏற்பாட்டையே சாடுகிறோம். உழைப்பைப் பெற்றுக்கொண்டு உரிமையை மறுத்த அமைப்பு முதற் குற்றவாளி. கேளாதிருந்த நாம் இரண்டாம் குற்றவாளி.

இந்நோயைக் கெடா நன்கறியும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950 ஆம் ஆண்டுகளில் பால்மரமும் லயத்து வீடும் ஒரே நாளில் அந்நியமாயின. மருந்தையும் கெடா அறியும். துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேர்த்த பணத்தால் அச்சங்கம் 1961 இல் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் அன்றோ! கூலி வாங்கிய கை நிலம் வாங்கியது.

இன்று பிரிக்பீல்ட்ஸின் பெருந்தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப்பலகையை ஏற்றுக்கொண்டோம்; பாடத்தை மறந்தோம். சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கேனும் விழிக்க வேண்டாமா?

ஆசிரியப் பெருமக்களே! 'நான் கண்ட தலைநகர்' என்று எத்தனை ஆண்டு கட்டுரை எழுதச் சொல்வீர்? மாணவர் விளக்கலங்காரத்தை வருணிப்பர், மதிப்பெண்ணும் பெறுவர். இவ்வாண்டு வேறொரு தலைப்புக் கொடுங்கள்: 'என் வீடு நிற்கும் நிலம் யாருடையது?' விடை தேடி மாணவர் பெற்றோரிடம் செல்லட்டும். பெற்றோர் பெட்டியைத் திறந்து நிலப் பட்டாவைத் தேடட்டும். பட்டா இல்லாத வீட்டில்தான் நம் பணி தொடங்குகிறது.