காற்றைச் சுத்தம் பண்ணும் செடியும் காது குத்தும் கனவான்களும்

போன வாரம் எங்க காலேஜ்ல பசுமை விழா. ஆளுக்கொரு வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி, அதுல ஒரு ஸ்நேக் பிளான்ட், தொட்டி மேல ஒரு ஸ்டிக்கர்: 'நான் உங்கள் காற்றைச் சுத்தம் செய்கிறேன்'. மேடையில பேசினவர் நல்லாவே பேசினார். "வடசென்னைப் பிள்ளைங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க ஏரியா காத்து எப்படின்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு நாலு செடி வைங்க, நாசாவே சொல்லியிருக்கு"ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். திருவொற்றியூர் பஸ்ல அந்தத் தொட்டியை மடியில வெச்சுக்கிட்டு வரும்போதுதான் கடுப்பு ஏற ஆரம்பிச்சது. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சதும் கடுப்பு இன்னும் கூடிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். நான் செடிக்கு எதிரி இல்லீங்க. எங்க வீட்டு மாடிப்படியில ஆரம்பிச்சு மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஆயா வெச்ச செடி 40க்கு மேல இருக்கு. அது அப்புறம். முதல்ல நாசா.

1989ல வுல்வர்ட்டன்ங்கிற விஞ்ஞானியும் அவரோட குழுவும் ஒரு ஆய்வு பண்ணாங்க. விண்வெளியில மனுஷன் தங்கற மாதிரி அடைச்ச கூடாரம் கட்டினா உள்ள காத்து கெட்டுப் போகுமே, அதுக்கு என்ன வழிங்கிறதுதான் கேள்வி. (செலவுல ஒரு பங்கு நாசாவோடது. கூட நின்னது அமெரிக்காவுல நில அலங்கார வேலை எடுத்துச் செய்யற கான்ட்ராக்டர்களோட சங்கம். சும்மா தகவலுக்குச் சொல்றேன்.) கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டி, காத்துப் புகாம மூடினது. அதுக்குள்ள ஒரு செடி. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ட்ரைகுளோரோஎத்திலீன்னு மூணு வாயு. 24 மணி நேரம் கழிச்சுப் பார்த்தா வாயு குறைஞ்சிருக்கு. அதுல இலையை விட வேரும், வேர்ல இருக்கற மண்ணு நுண்ணுயிரும் பண்ண வேலை ஜாஸ்தி.

ஆய்வு பொய் இல்ல. ஆனா உங்க வீடு மூடின பெட்டியா? எங்க வீட்ல ரெண்டு ஜன்னல், ஒரு கதவு, சாயங்காலம் ஆனா கடல் காத்து. உள்ள இருக்கற காத்து மணிக்குப் பல தடவை மாறிடும். 2019ல அமெரிக்காவுல ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங்னு ரெண்டு பேர் இந்த மாதிரி 12 ஆய்வுகள்ல இருந்து 196 சோதனை முடிவுகளை எடுத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டாங்க. ஜன்னல் வழியா தானா நடக்கற காத்து மாற்றத்துக்கு ஈடா செடி வேலை செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வேணுமாம்.

எங்க ஹால் பத்துக்குப் பன்னெண்டு அடி, அதாவது சுமாரா 11 சதுர மீட்டர். குறைஞ்ச கணக்குக்கே 110 தொட்டி. கூடின கணக்குன்னா 11,000. அப்பா எங்க படுப்பாரு?

இதோட விடலாம்னு பார்த்தா, "ஸ்நேக் பிளான்ட் ராத்திரியில ஆக்சிஜன் குடுக்கும், பெட்ரூம்ல வைங்க"ன்னு இன்னொரு புருடா. அந்தச் செடி தண்ணியை மிச்சம் பிடிக்கறதுக்காகப் பகல்ல இலைத் துளையை மூடி வெச்சுட்டு, ராத்திரி திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுத்துச் சேர்த்து வெச்சுக்கும். அது உண்மை. ஆனா ஆக்சிஜன் உருவாகறதுக்கு வெளிச்சம் வேணும். இருட்டுல எந்தச் செடியும் அதைத் தயாரிக்காது. பிளஸ் டூ பாட்டனி.

2009ல கமல் மீட்டில்னு டெல்லிக்காரர் ஒருத்தர் டெட் மேடையில பேசினார், நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அரிகா பனை, ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் மூணும் போதும்னார். அவரே சொன்ன கணக்குதான்: ஒரு ஆளுக்குத் தோள் உசர அரிகா பனை நாலு, இடுப்பு உசர ஸ்நேக் பிளான்ட் ஆறுல இருந்து எட்டு. அவர் ஆபீஸ்ல 300 பேருக்கு 1200 செடி. மேடைப் பேச்சுல இருந்து ஸ்டிக்கருக்கு இறங்கி வரும்போது அந்தக் கணக்கு மட்டும் வழியில விழுந்துடுச்சு.

சரி, இவ்வளவு கோபம் எதுக்கு, ஒரு செடிதானே குடுத்தாங்கன்னு வகுப்புல ஒருத்தன் கேட்டான். கேள்வி நியாயம்தான். மயிலாப்பூர்ல, அண்ணா நகர்ல குடுத்திருந்தா நானும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். எங்க ஏரியாவுக்குக் குடுக்கும்போதுதான் அது வேற மாதிரி ஆகுது.

சென்னைத் துறைமுகத்துல 2011 வரைக்கும் நிலக்கரியும் இரும்புத் தாதும் மலை மலையாக் குவிச்சு வெச்சுக் கையாண்டாங்க. ராயபுரத்துல காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் என்ன கலர்ல இருக்கும்னு அந்தக் காலத்து ஆளுங்களைக் கேளுங்க. அதை நிறுத்தினது துளசி மாடம் இல்ல, ஹைகோர்ட் உத்தரவு. (ஹைகோர்ட்டும் ஹார்பர் பக்கத்துலதானே இருக்கு, நீதிபதிங்க மேஜையிலயும் தூசு விழுந்திருக்கும்ங்கிறது என் சொந்த யூகம்.) நிலக்கரி எங்க போச்சு? எண்ணூருக்கு. ராயபுரத்து நுரையீரலுக்குக் கிடைச்ச தீர்ப்பு எண்ணூர் நுரையீரலுக்கு இன்னும் வந்து சேரல.

மணலியை 2009லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'கடுமையாக மாசுபட்ட பகுதி' பட்டியல்ல போட்டுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்ல எல்லாம் கறுப்புக் கோடு போட்டுச்சு. அதே மாசம் 26ஆம் தேதி நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி, கப்பல்ல இருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு போற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கண் எரிய, மூச்சுத் திணற, தூக்கத்துல இருந்த பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடினாங்க. அந்த ராத்திரி வீட்ல நாலு ஸ்நேக் பிளான்ட் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அதையும் விட்டுட்டு ஓடியிருப்பாங்க.

காத்தை எங்க சுத்தம் பண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும், புகைபோக்கியில. அனல் மின் நிலையங்கள் புகையில இருந்து கந்தகத்தைப் பிரிக்கணும்னு 2015 டிசம்பர்ல விதி போட்டாங்க. 2017க்குள்ள முடிக்கச் சொன்னாங்க. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில நாட்டுல பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே குடுத்தாச்சு. பெரிய நகரத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கறதுக்கு மட்டும் 2027 கடைசி வரைக்கும் டைம். புகைபோக்கிக்குப் பன்னெண்டு வருஷம் தவணை, எங்க ஆயாவுக்கு மட்டும் இன்னைக்கே நாலு தொட்டி. என்ன கணக்குங்க இது? எண்ணூர் கழிமுகத்துல சாம்பலைக் கொட்டி அலையாத்திக் காட்டைச் சாகவிட்டுட்டு, பிளாஸ்டிக் தொட்டியில பசுமை வளர்க்கச் சொன்னா எரிச்சல் வராம என்ன வரும்?

ஆயாகிட்ட அந்தத் தொட்டியைக் குடுத்தேன். ஸ்டிக்கரைப் படிச்சுக் காட்டினேன்.

"இன்னாடா இது, மருள்தானே. இதுவா காத்த சுத்தம் பண்ணும்?"

"அப்படித்தான் ஆயா சொன்னாங்க."

"அப்ப இத்த யாரு சுத்தம் பண்றது?"

இதுக்கு அந்த மேடையில யாருகிட்டயும் பதில் இருக்காது. ஏன்னா எங்க வீட்ல செடி வளர்க்கறதுன்னாலே பாதி வேலை துடைக்கறதுதான். வாரம் ஒரு தடவை மணி பிளான்ட் இலையை ஒண்ணொண்ணா ஈரத் துணியால மேலயும் கீழயும் துடைக்கணும். தூசு படிஞ்சா இலைத் துளை அடைபடும், வெளிச்சமும் குறையும், செடி சோர்ந்துடும். துணியை அலசின தண்ணி டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். வெளியில இருக்கற சின்ன இலைச் செடிக்குத் துணி எல்லாம் ஆகாது, மேல இருந்து தண்ணி தெளிச்சு விடணும்.

ஆயாவோட அடுக்கு முறையைச் சொல்றேன், கடலோரத்துல இருக்கறவங்க எடுத்துக்கோங்க. கடல் பார்த்த சுவர்ல நித்தியகல்யாணி, சோத்துக் கத்தாழை. உப்புக் காத்தை அதுங்க தாங்கும். அதுக்குப் பின்னாடி, காத்து நேரா அடிக்காத இடத்துல கருவேப்பிலை, துளசி, ஒரு ரோஜா. மாடிப்படி நிழல்ல வெத்தலைக் கொடி. வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கம் மணி பிளான்ட். போர் தண்ணி உப்பு, ஊத்தினா இலை நுனி கருகும், மண் தொட்டிக்கு வெளியில வெள்ளையாப் பூக்கும். அதனால அரிசி கழுவின தண்ணிதான் முதல்ல, பத்தலைன்னா மெட்ரோ வாட்டர். மழைக்காலத்துல எல்லாத் தொட்டியையும் ரெண்டு நாள் வெளியில விட்டா, சேர்ந்த உப்பு கொஞ்சம் கழுவிப் போகும். தொட்டின்னு நான் சொல்றதுல பாதி பெயின்ட் பக்கெட், மீதி காசிமேட்டுல ஐஸ் போட்டு மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி. அடியில ஓட்டை போட மறந்துடாதீங்க.

இதுல எதுவும் காத்தைச் சுத்தம் பண்றதுக்கு இல்ல. வெத்தலை ஆயா போடறதுக்கு. கருவேப்பிலை அம்மாவோட ரசத்துக்கு. ரோஜா எதுக்குன்னு ஆயாவைக் கேட்டா, "பூக்குதுல்ல"ன்னு சொல்லும்.

பசுமை விழாத் தொட்டி இப்ப மாடிப்படியில மூணாவது படியில இருக்கு. ஸ்டிக்கரை ஆயா உரிச்சுடுச்சு. பிளாஸ்டிக் தொட்டி அடியில ஓட்டையே இல்ல, நாலு நாள்ல வேர் அழுகற வாசனை. சூடான கம்பியால நாலு ஓட்டை போட்டு, மண்ணை மாத்தி, பத்து நாளைக்குத் தண்ணி காட்டாதேன்னு உத்தரவு. அடுத்த வருஷ விழாவுக்கு அதே பேச்சாளரைக் கூப்பிட்டா, முன் வரிசையில உக்காந்து ட்ரெக்செல் கணக்கைக் கேக்கப் போறேன். கூட வர்றவங்க பின்னூட்டத்துல பேர் குடுங்கப்பா.