வாய்தா எழுதிய கை

போன மாதம் ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் போளூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நாற்பது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க கோர்ட்டுல இருந்தவருதானே? எங்கப்பாவுக்குத் தேதி எழுதிக் குடுப்பீங்களே, ஞாபகம் இருக்குங்களா?"

எனக்கு அவரை ஞாபகமில்லை. அவருடைய அப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது.

நான் பெஞ்சு கிளார்க்காக இருந்த காலம் அது. எந்த ஊர், எந்தக் கோர்ட்டு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றம், அவ்வளவு போதும். அந்தப் பெரியவர் மேல் சந்தனமரம் வெட்டியதாக ஒரு வழக்கு. அவரோடு இன்னும் நான்கு பேர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வருவார். ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு இரண்டு மணி நேர நடை, அப்புறம் முதல் பஸ். பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் உள்ளே வந்து கைகட்டி நிற்பார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அடுத்த தேதி எப்பங்க சாமி?" என்று கேட்பார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் தேதியை எழுதிக் கொடுப்பேன். வேட்டி மடிப்பில் சுருட்டி வைத்துக்கொண்டு போவார். நல்ல காரியம் செய்ததாக எனக்குள் ஒரு நினைப்பு.

ஏன் வாய்தா? ஒருநாள் நீதிபதி விடுப்பு. ஒருநாள் அரசு வக்கீல் வரவில்லை. ஒருநாள் சாட்சி சொல்ல வேண்டிய வனவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார், சம்மன் சார்வாகவில்லை. ஒருநாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒருநாள் எல்லாரும் இருந்தார்கள், கட்டைத்தான் காணோம். தேடி எடுப்பதற்குள் மணி நாலரை. ஒருமுறை மழையில் பாதை அடைபட்டு அவரால் வர முடியவில்லை. அன்றைக்கு மட்டும் எல்லாம் சரியாக நடந்தது. வாரண்டு பிறந்தது, பிடித்துக்கொண்டு வந்தார்கள், பதினொரு நாள் கிளைச்சிறையில் இருந்தார். அந்த வாரண்டை எழுதியதும் இதே கைதான்.

ஒன்பது வருஷம் கழித்து விடுதலை. சாட்சிகளால் யாரையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. அவர் வெட்டினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தானே கோர்ட்டு இருக்கிறது? கோர்ட்டாலும் ஒன்பது வருஷம் கழித்து அதைச் சொல்ல முடியவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்த சீட்டெல்லாம் அம்மா ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தாங்க. அப்பா போனப்புறம் எடுத்து எண்ணிப் பாத்தேன். அறுபத்தி மூணு இருந்துச்சுங்க" என்றார் மகன். குறையாகச் சொல்லவில்லை. நான் நல்லவன் என்று சொல்வதற்காகத்தான் சொன்னார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. வண்டி வந்தது, ஏறிவிட்டேன். மலைப்பாதை வளைவுகளில் வண்டி இறங்கும்போதெல்லாம் அந்த அறுபத்து மூன்றுதான் மனதில் ஓடியது.

அந்த எண்ணம்தான் இந்தப் பதிவு.

நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 309 என்று ஒரு பிரிவு உண்டு. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் தொடர்ந்து நடத்தி முடிக்க வேண்டும், ஒத்திவைப்பதானால் காரணத்தை எழுத வேண்டும் என்பது அதன் சாரம். வாய்தா கேட்பவரிடம் செலவுத்தொகை வாங்கவும் அதில் இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டமோ, கட்சிக்காரரின் கைமீறிய காரணம் என்றாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. சிவில் வழக்குகளில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்ற விதி 2002-லேயே வந்துவிட்டது. ஆக, சட்டத்தில் குறை சொல்ல முடியாது. சட்டம் ஏட்டில் இருந்தது, நான் டைரியில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

இது ஒரு சின்னக் கோர்ட்டின் கதைதானே என்று தோன்றலாம். பெரிய கதை ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் தெரிந்ததுதான்.

நம் மலையிலிருந்து செங்கம் இறங்கி அரூர் பக்கம் போனால் சித்தேரி மலையடியில் வாச்சாத்தி. நம் மலையில் இருக்கும் அதே மலையாளி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக ஊரே சிறைக்குப் போனது. வெளியே வந்து அவர்கள் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடின. கட்சித் தலைவர் நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995-இல்தான் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்த நாள் 2023 செப்டம்பர் 29. நாள் கணக்கில்கூடப் பிசகாமல் 12 ஆண்டுகள்.

நீதிபதி வேல்முருகன் அந்த ஆண்டு மார்ச் மாதம் வாச்சாத்திக்கே நேரில் போய், ஊரையும் இடங்களையும் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பெழுதினார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். அத்தோடு நிற்காமல், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். கீழே இருப்பவன் தப்பு செய்தால் மேலே இருப்பவனும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதானே அதன் பொருள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய தீர்ப்பு.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு வர 19 ஆண்டு, மேல்முறையீடு முடிய 12 ஆண்டு. இந்த 31 ஆண்டுக்கு யார் பதில் சொன்னார்கள்? ஆட்சியர் பதில் சொல்ல வேண்டும், எஸ்.பி. பதில் சொல்ல வேண்டும், சரி. மேல்முறையீடு 12 ஆண்டு கிடந்ததற்கு யாருக்காவது ஒரு மெமோ போயிருக்குமா?

என் சர்வீசில் நான் இரண்டு மெமோ வாங்கியிருக்கிறேன். ஒன்று, பதிவேட்டில் எண் மாற்றி எழுதியதற்கு. இன்னொன்று, காலையில் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு. பத்து நிமிஷத்துக்கு மெமோ உண்டு, ஒன்பது வருஷத்துக்குக் கிடையாது.

அரசியல் சாசனத்தின் 235-வது பிரிவு மாவட்ட நீதிமன்றங்களையும் அதற்குக் கீழுள்ள நீதிமன்றங்களையும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. மாறுதல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அங்கேதான். அதிகாரம் அங்கே இருந்தால் பொறுப்பும் அங்கேதானே இருக்க வேண்டும்? நடப்பது வேறு. கேட்டால், பணமும் கட்டடமும் அரசு தரவில்லை என்று கோர்ட்டு சொல்லும். காலியிடத்துக்குப் பெயர் வரவில்லை என்று அரசு சொல்லும். சாட்சியைப் போலீஸ் கொண்டுவரவில்லை என்று அரசு வக்கீல் சொல்வார். கோர்ட்டில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்கள் என்று போலீஸ் சொல்லும். ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது, அதுதான் சங்கடம். எல்லாரிடமும் காரணம் இருக்கிறது, யாரிடமும் பொறுப்பு இல்லை.

மேலே போகப்போக இது இன்னும் கூடுகிறது. என் வயதுக்காரர்களுக்கு நீதிபதி வி. ராமசாமி விவகாரம் மறந்திருக்காது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போய், பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். அங்கே அரசு இல்லத்துக்குச் செய்த செலவுகள் பற்றிப் புகார் எழுந்தது. மூன்று பேர் குழு விசாரித்து, பல குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்றது. 1993 மே மாதம் மக்களவையில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. ஆதரவாக 196 ஓட்டு. எதிராக ஒரு ஓட்டுகூட இல்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்பட 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. அவர் குற்றமற்றவர் என்று எழுந்து நின்று ஓட்டுப் போட ஒருவருக்கும் மனமில்லை, நீக்கவும் மனமில்லை. இன்றுவரை இந்தியாவில் ஒரு நீதிபதிகூட நாடாளுமன்றத் தீர்மானத்தால் நீக்கப்பட்டதில்லை.

நீதிபதிகளுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று என் பழைய நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். கட்டாயம் வேண்டும். ஆளுங்கட்சிக்காரர் போன் செய்து தீர்ப்பை மாற்றும் நிலை வந்தால் முதலில் அழிவது மலைக்காரனைப் போன்ற ஏழைதான். தீர்ப்பில் யாரும் தலையிடக் கூடாது. ஆனால் ஒரு கட்டு ஏன் ஒன்பது வருஷம் அலமாரியில் இருந்தது என்று கேட்பது தீர்ப்பில் தலையிடுவது ஆகாது. ரேஷன் கடையில் ஏன் அரிசி வரவில்லை என்று கேட்பதைப் போன்றதுதான் அது.

நான் பார்த்த நீதிபதிகளில் பெரும்பாலோர் உழைப்பாளிகள் என்பதையும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணி வரை வீட்டில் தீர்ப்பெழுதியவர்களுக்குக் கட்டுகளைச் சுமந்து போய்க் கொடுத்திருக்கிறேன். தனி ஆள் நல்லவராக இருந்தும் அமைப்பு இப்படி ஓடுகிறது என்றால், அமைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஐந்து வருஷம் தாண்டிய வழக்குகளின் பட்டியலை ஒவ்வொரு கோர்ட்டு வாசலிலும் ஒட்டட்டும். எத்தனை வாய்தா, யார் கேட்டது, என்ன காரணம் என்று தமிழில் எழுதட்டும். கணினியில் அடுத்த தேதி தெரிகிறது, நல்லதுதான். ஆனால் போன அறுபத்து மூன்று தேதிக்கும் காரணம் யார் என்பதும் தெரிய வேண்டும். உயர் நீதிமன்றம் வருஷம் ஒருமுறை மாவட்டவாரியாக இந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும், தன்னுடைய மேல்முறையீடுகளையும் சேர்த்து. சாட்சி வராத நாளில் எதிரியின் பஸ் செலவையும் ஒருநாள் கூலியையும் வாய்தா கேட்ட தரப்பு கொடுக்கட்டும். மூன்று மாதம் இதைச் செய்தால் போதும், சாட்சிகள் தாமாக வந்து சேர்வார்கள்.

நம் மலைக்கு இதெல்லாம் வெறும் பேச்சு அல்ல. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறையினர் கொல்லப்பட்டபோது, தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்து 2016-இல் விடுதலையானார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பாதிக்கு மேல் நம் திருவண்ணாமலை மாவட்டத்தவர். பத்து வருஷம் ஓடிவிட்டது. அதற்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. தவறாக அடைபட்டவனும் நாள் எண்ணினான். செத்தவன் வீட்டிலும் நாள்தான் எண்ணுகிறார்கள்.

ஒரு நல்ல சேதியோடு முடிக்கிறேன். 2024 தொடக்கத்தில் நம் ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பெண், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். வயது 23. குழந்தை பிறந்த இரண்டாம் நாளே பச்சை உடம்போடு போய்த் தேர்வெழுதியவர். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே பழகிய சனத்திலிருந்து ஒருத்தி மேடையில் உட்காரப் போகிறாள்!

ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டு இருந்தால் போதாது. அவர் நாற்காலிக்கு மேலே இருப்பவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்.

அடுத்த வாரம் மறுபடி மலைக்குப் போகிறேன். அந்த மகனின் ஊரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, விசாரித்துக் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஞாபகமிருக்கும் காரணத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கப் போகிறேன். அன்றைக்கே டைரியில் அப்படி எழுதியிருக்க வேண்டியவன் நான். எழுதவில்லை.