யாரைக் கேட்டீங்க சாமி?

மக்களே, இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுத உட்கார்ந்திருக்கேன்.

எங்கப்பா சிம்மை பழைய பட்டன் போன்ல போட்டு வச்சிருக்கார். வாட்ஸாப் மட்டும் இன்னொரு போன்ல, வீட்டு வைஃபையில ஓடுது. பேத்தி முகத்தைப் பார்க்க அவருக்கு இருக்கிற ஒரே ஜன்னல் அதுதான். 2025 டிசம்பர்ல பேப்பரைப் பார்த்துட்டு, "சிம் இல்லாத போன்ல இனிமே வாட்ஸாப் ஓடாதாமேடா?"ன்னார். ஆமாப்பா, உத்தரவு போட்டிருக்காங்கன்னேன். "என்னை யாரும் கேட்கலையே?"ன்னார்.

முதல்ல சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா, அது சிரிக்கிற கேள்வியே இல்லை.

1885 தந்திச் சட்டம் தொட்டு வழக்கம் என்னன்னா, தொலைத்தொடர்பு விதி எல்லாம் லைசென்ஸ் வாங்கின கம்பெனிக்குத்தான். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2023 டிசம்பர்ல புதுச் சட்டம் நிறைவேறுச்சு, எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூத்துக்கும் மேல சஸ்பெண்ட் ஆகியிருந்த அதே கூட்டத்தொடர்ல. அதன் கீழ வந்த சைபர் பாதுகாப்பு விதிகளுக்கு 2025 ஜூன்ல ஒரு திருத்த வரைவு வந்தது. கருத்து சொல்ல 30 நாள். அக்டோபர்ல அது விதியாச்சு. போன் நம்பரை வச்சு ஆளை அடையாளம் காணுற எந்தச் செயலியும், லைசென்ஸே இல்லாட்டியும், வலைக்குள்ள வந்தாச்சு. நவம்பர் 28-ல சிம் உத்தரவு. இந்த சிம் சமாச்சாரத்தைத் தனியா எடுத்து வச்சு, மக்களே என்ன சொல்றீங்கன்னு யாரும் கேட்கலை.

அதே தேதியில இன்னொரு உத்தரவு: புது போன் எல்லாத்துலயும் சஞ்சார் சாத்தி செயலி கட்டாயம். ஊரே கத்துச்சு. டிசம்பர் 3-ல வாபஸ்! கத்தினப்புறம் கேட்கிற காது, முன்னாடியே கொஞ்சம் கேட்டிருக்கக் கூடாதா?

"மோசடிக் கும்பல் வெளிநாட்டுல உட்கார்ந்து நம்மூர் நம்பரை வச்சுக் கொள்ளையடிக்குது, அதைப் பிடிக்க வேணாமா?"ன்னு கேட்பீங்க. பிடிக்கணும். டிஜிட்டல் அரெஸ்ட்னு மிரட்டி வாழ்நாள் சேமிப்பையே உருவுறானுங்க. ஆனா கேட்டுட்டுப் பிடிச்சா என்ன குறைஞ்சிடும்? கேட்டிருந்தா எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வழி யோசிச்சிருக்கலாம்.

கேட்காம செஞ்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? 2008 ஜனவரி 10. 2ஜி லைசென்ஸுக்கு அக்டோபர் 1 வரை மனு வாங்கிட்டு, செப்டம்பர் 25 வரை வந்தது மட்டும்தான் செல்லும்னு ஒரு பத்திரிகைக் குறிப்பு. அன்னிக்கு மதியமே வந்து கடிதம் வாங்கிக்கன்னு இன்னொரு குறிப்பு. 2012 பிப்ரவரி 2-ல உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸையும் ரத்து பண்ணுச்சு. குற்ற வழக்குல 2017-ல எல்லாரும் விடுதலையானது வேற விஷயம். நான் சொல்றது விதி மாறின லட்சணத்தை.

கேட்டுச் செஞ்சதுக்கும் உதாரணம் இருக்கு. இணையச் சமவாய்ப்பு பத்தி 2015 மார்ச்ல ட்ராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை விட்டுச்சு. பத்து லட்சத்துக்கும் மேல மெயில். கட்டண வேறுபாடு பத்தி டிசம்பர்ல தனியா இன்னொண்ணு. 2016 பிப்ரவரி 8-ல, பாகுபாடு கூடாதுன்னு ஒழுங்குமுறை வந்தது, கூடவே ஏன் இந்த முடிவுன்னு விளக்கக் குறிப்பும். ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்க மூட்டையைக் கட்டினது அதனாலதான். ட்ராய் வெளிப்படையா நடக்கணும்னு 1997 சட்டத்தின் 11(4) பிரிவே சொல்லுது.

அந்த ட்ராய் அறிக்கையும் நூறு பக்க இங்கிலீஷ் பிடிஎஃப்தான்னு வைங்க. நான் இதுவரை தமிழ்ல ஒண்ணு பார்த்ததில்லை. எங்கப்பா மாதிரி ஆளுகிட்ட இங்கிலீஷ்ல கேட்கிறது, செவிடன் காதுல சங்கு ஊதுற கதை. அதுல செவிடன் மேல தப்பே இல்லை.

நான் கேட்கிறது மூணே மூணு. ஒண்ணு, தொலைத்தொடர்புத் துறை போடுற ஒவ்வொரு வரைவுக்கும் தமிழ்ல, எல்லா மாநில மொழியிலயும், நாலு பக்கச் சுருக்கம். ரெண்டு, வந்த கருத்தெல்லாம் பொதுவில போடணும். மூணு, எதை ஏத்துக்கிட்டோம், எதைத் தள்ளினோம், ஏன்னு எழுத்துல பதில். இது மூணும் இல்லாட்டி, அது கலந்தாய்வு இல்லை. அடிப்பக்கம் ஓட்டையான தபால் பெட்டி.

நமக்கும் ஒரு வேலை இருக்கு, பதிவர்களே. அடுத்த வரைவு வந்தா, யாராவது ஒருத்தர் உட்கார்ந்து படிச்சு, தமிழ்ல ஒரு பதிவு போடுங்க. சினிமா விமர்சனம் ஒரு வாரம் தள்ளிப் போனா படம் ஒண்ணும் ஓடாம போயிடாது. படிக்கிறவங்க சொந்த வார்த்தையில ஒரு மெயில் தட்டுங்க. இருக்கிற முப்பது நாள்ல பத்து நாளாவது நம்ம நாளா இருக்கட்டும்.

டிஸ்கி: "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுறியே"ன்னு பின்னூட்டத்துல திட்டலாம். திட்டறதுக்கு முன்னாடி உங்கப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க: அவரை யாராவது கேட்டாங்களான்னு.