அடுக்களையில் ஒரு திசைச்சொல்

கலப்பு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளிப்பது நம் பண்டிதர் மரபு. மொழியிற் கலப்பு, இசையிற் கலப்பு, உடையிற் கலப்பு என வருந்திக் களைத்தவர்கள், இப்பொழுது உணவிற் கலப்பு என்று புதியதொரு வருத்தத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்து மீளும் நம் கண்டிப் பிள்ளைகள் பெட்டியிற் கொண்டுவரும் பண்டங்களுள் சீனத்து உலர்ந்த சொசேஜும் ஒன்று. அதனை அவர்கள் சோற்றிலும் சம்பலிலும் இடியப்பக் கொத்திலும் சேர்த்துச் சமைக்கின்றனர். எம் ஆசிரியர் அறையில் இதுபற்றி அண்மையில் எழுந்த வழக்கு மணியடித்த பின்னும் ஓயவில்லை. "நம் வீட்டுக் கறிகள் போதாவென்றா சீனத்துக் குடலையும் சட்டியில் இடுகிறார்கள்?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். "தமிழில் ஆங்கிலத்தைக் கொட்டிய கைதானே, சட்டியில் இதையும் கொட்டுகிறது" என்றார் மற்றொருவர்.

அவ்வழக்கில் என் கருத்தை இங்கு எழுதுகிறேன். முதற்கண் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மரக்கறி உணவினன். இப்பண்டத்தை நாவாற் சுவைத்தறியேன். பன்றியிறைச்சிப் பேச்சிற் பண்டிதருக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அயலிலிருந்து வந்த ஒன்று இருந்தவற்றோடு கூடும் முறை யாது என்பதே இங்குள்ள வினா. இலக்கணம் கற்பிப்பவன் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவும் அதுவே. சமையல் நுட்பத்தை, இதனைப் பலமுறை சமைத்துப் பழகிய என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டறிந்தேன்.

இப்பண்டத்தின் பெயர் லாப் சியோங். லாப் என்பது குளிர்காலத்தில் வரும் சீனரது பன்னிரண்டாந் திங்களையும், அக்காலத்தில் உலர்த்திய இறைச்சியையும் குறிக்கும். சியோங் என்பது குடர். கொழுப்போடு கூடிய பன்றியிறைச்சியை நறுக்கி, உப்பு, சர்க்கரை, சோயா சோஸ், மது ஆகியவற்றைச் சேர்த்துப் பிசறி, குடர்த்தோலில் அடைத்துத் தொங்கவிடுவர். உப்பும் சர்க்கரையும் ஈரத்தை ஈர்க்கும். குளிர்காலத்து வறண்ட காற்று எஞ்சியதை உலர்த்தும். நம் கண்டியோ மழையும் ஈரமும் மிக்க மலைநாடு. இங்கு இறைச்சியை அவ்வாறு தொங்கவிட்டாற் பூஞ்சணமே மிஞ்சும். ஆதலால் இம்மலைநாட்டார் அடுப்பின்மேற் பரண்கட்டிப் புகையூட்டினர். கருவாட்டைக் கரையோரத்திலிருந்தும், மாசியை மாலைதீவிலிருந்தும் வருவித்தனர். உணவைக் காக்கும் நோக்கம் எங்கும் ஒன்றே. காற்றும் மழையும் வேறுபட்டமையால் முறைகள் வேறுபட்டன.

உலர்ந்த ஊன் தமிழருக்குப் புதிதும் அன்று. வாடிய ஊனை வாடூன் என்றனர் சங்கச் சான்றோர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிற் பாணருக்குக் கிடைக்கும் விருந்து, வாடூனோடு கூடிய சோறே. சீனத் தென்புலத்தார் மண்சட்டியிற் சோறு வேகும்போது அதன்மேல் இந்தச் சொசேஜை வைத்து மூடி, உருகும் கொழுப்புச் சோற்றில் இறங்கச் செய்வர். இரண்டும் ஒன்றையொன்று அறியாமற் பிறந்தவை. ஆயினும் சோறுண்ணும் மக்கள் இருசாராரும் ஒரே வழியிற் சிந்தித்திருக்கின்றனர். பிற்காலத்துக்கு உப்புக்கண்டம் உண்டு. இலங்கையில் லிங்கஸ் என வழங்கும் காரச் சொசேஜோ, போர்த்துக்கேயரின் லிங்குயிசா என்ற பெயரைச் சுருக்கிக்கொண்டு இங்கேயே குடியமர்ந்துவிட்டது.

இனிச் சீனம் என்னும் பெயரைப் பார்ப்போம். இலங்கைத் தமிழர் தேநீரில் இடுவது சீனி. அச்சொல் சீனத்தின் பெயரடியாகப் பிறந்தது. பலகாரம் பொரிப்பது சீனச்சட்டியில். நாம் பாணோடும் அப்பத்தோடும் விரும்பி உண்ணும் சீனிச் சம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். சீனி சீனத்தை நினைவூட்டுகிறது. சம்பல் மலாய்ச் சொல். மாசி மாலைதீவுப் பொருள். கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடியின் காய், போர்த்துக்கேயர் வந்த பின்னரே ஆசியாவிற் பரவியது. வெங்காயத்தை நீக்கிப் பார்த்தால் எஞ்சியவற்றுட் பல கப்பலேறி வந்தவை. ஆயினும் சீனிச் சம்பலை அயற்பண்டம் என்று கூறும் தமிழரும் இலர், சிங்களவரும் இலர். கண்டிப் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும் சைனீஸ் ரோல்ஸும் அத்தகையதே. மீனும் உருளைக்கிழங்கும் மிளகுத்தூளும் உள்ளேயிருக்க, வெளியே பாண்தூள் போர்த்துப் பொரித்த அப்பண்டத்தில் சீனத்துக்கு உரியதாக எஞ்சியிருப்பது பெயரும் சுருட்டும் முறையுமே.

இவ்வாறு வந்தன யாவும் நன்மையே என்பது என் கட்சியன்று. சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தவர் தொல்காப்பியர். திசைச்சொல்லுக்கு அவர் செய்யுளில் இடங்கொடுத்தார். வடசொல்லையோ, தன் எழுத்தை ஒழித்துத் தமிழெழுத்தோடு பொருந்தி வருக என்றார். இடமும் உண்டு, முறையும் உண்டு என்பது அவர் காட்டிய நெறி. முறையை மட்டும் பேசி இடத்தை மறுப்பவர் ஒருசாரார். இடத்தை மட்டும் பேசி முறையைக் கைவிடுபவர் மற்றொருசாரார். ஆசிரியர் அறையில் நான் கேட்டது முன்னவர் குரல். பெரிய விடுதிகளின் விருந்து மேசைகளிற் பெரும்பாலும் காண்பது பின்னவர் கைவரிசை.

அடுக்களையில் முறை என்பது யாது? என் மாணவி செய்முறையை விளக்கியபோது நன்னூலின் விகாரப் புணர்ச்சியே எனக்கு நினைவில் எழுந்தது. தோன்றல், திரிதல், கெடுதல் என அது மூவகைப்படும் என்பதை மாணவர் அறிவர். இலக்கணத்திற் கெடுதல் என்பது பழுதாதல் அன்று, இருந்தது நீங்குதல். சொசேஜை வெந்நீரிற் கழுவி, ஆவியில் வேகவைத்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து, வெறுஞ்சட்டியில் இளந்தீயில் இட்டால், அதன் கொழுப்பே உருகி எண்ணெயாகும். ஆகையால் நாம் வழக்கமாக வார்க்கும் தேங்காயெண்ணெய் கெடவேண்டும். அதனுள்ளே சர்க்கரை முன்னரே இருத்தலாற் சீனியும் கெடவேண்டும். உப்பை இறுதியிற் சுவைபார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். அடுத்தது திரிதல். உருகிய கொழுப்பில் வெங்காயமும் கறிவேப்பிலையும் ரம்பையும் வதங்கும்போது அவற்றின் மணம் வேறாகிறது. பின்னர்த் தோன்றல். கொழுப்பின் திகட்டலை அறுக்கப் பச்சைக் கொச்சிக்காய் வருகிறது. சட்டியை இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு வருகிறது. இதனோடு உதிர்த்த இடியப்பத்தைப் பிரட்டினால் இடியப்பக் கொத்து ஆயிற்று.

தன் உறவினர் ஒருவர் செய்ததையும் அவள் சொன்னாள். அவர் சீனிச் சம்பலின் செய்முறையில் எதனையும் குறைக்காமல், மாசியோடும் சீனியோடும் இச்சொசேஜையும் கொட்டிக் கிளறினாராம். இனிப்பின்மேல் இனிப்பும் உப்பின்மேல் உப்பும் ஏறி, வீட்டில் ஒருவரும் அதனை உண்ணவில்லையாம். பொருள்கள் இரண்டுமே நல்லவை. புதியதற்கு இடம்விட்டுப் பழையது சிறிது ஒதுங்காமையே குறை. வருவது தன் இயல்பு முழுவதையும் இழக்க வேண்டியதில்லை; ஏற்பது தன் பழக்கத்தில் ஒன்றையும் விடாதிருக்கவும் இயலாது.

இதனோடு வேறு இரண்டு நெறிகளையும் சேர்ப்பேன். வந்தது இருந்ததை விரட்டலாகாது. மாணவர் கட்டுரையில் நல்ல தமிழ்ச்சொல் இருக்கவும் அதனை ஒதுக்கிப் பிறசொல் வந்து அமரும்போதே என் சிவப்பு மை ஓடுகிறது. இல்லாத பொருளுக்கு வந்த பெயரை நான் அடிப்பதில்லை. அதுபோலவே, சீனத்துச் சொசேஜ் வந்ததென்று குரக்கன் பிட்டும் பலாக்காய்க் கறியும் பிள்ளைகளுக்குப் பழம்பண்டமாகிவிட்டால், அதற்காக வருந்துவோரோடு நானும் நிற்பேன். மற்றையது, வந்ததன் பெயரை மறைக்கலாகாது. கண்டியிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே பாடசாலை விழாவில் ஒரே பந்தியில் அமர்கின்றனர். அவருட் பன்றியிறைச்சியை விலக்குவோர் உளர். என்போல் ஊன் அனைத்தையும் விலக்குவோரும் உளர். கலவைச் சோறு என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு உள்ளிருப்பதைச் சொல்லாதிருத்தல், பக்கத்தில் இருப்பவன் நம்பிக்கையோடு விளையாடுவதாகும். பெயரை எழுதிவைத்து, அகப்பையையும் சட்டியையும் வேறாக வைத்தால் எவர்க்கும் இடரில்லை.

ஓரிடத்திற் கூடியும் தத்தம் பெயரோடு நிற்றல் இத்தீவிற்கு அயலான கருத்தன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் வருகையோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டொன்று 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்புத் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. அதன் சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி இஸ்லாத்தின் இறைவனையும் போற்றுகின்றன. ஒரே கல்லில் மூன்று மொழிகள் தனித்தனியே தத்தம் எழுத்தில் நிற்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று பொறிக்கப்படவில்லை.

பண்டங்களுக்கும் சொற்களுக்கும் இவ்வளவு இடங்கொடுத்த இந்நாடு, அவற்றோடு வந்த மனிதருக்கு எவ்வளவு இடங்கொடுத்தது என்பதையும் நாம் எண்ண வேண்டும். துணிமூட்டையைச் சைக்கிளிற் கட்டித் தெருத்தெருவாக விற்ற சீனரும், பல்வைத்தியஞ் செய்த சீனரும், சாப்பாட்டுக்கடை நடத்திய சீனரும் சிறு தொகையினராய் இங்கு வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்பதை நாம் அறிவோம். அதே சட்டத்தின் கீழ் இச்சீனரும் நாடற்றவராயினர் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

என் பாட்டனார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறப்பர் பால் வெட்டியவர். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கையும் சீனமும் இறப்பர் - அரிசி உடன்படிக்கை செய்துகொண்டன. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் அங்கே செல்லும்; 2,70,000 தொன் அரிசி இங்கே வரும். நாட்டின் பசியைத் தணித்த ஏற்பாடு அது. அவ்விறப்பர் மரங்களில் வெட்டுக்கத்தி பிடித்த கைகளிற் பல, வாக்கற்றவர் கைகள். அவர்கள் வாங்கிய கூப்பன் அரிசியிற் சீனத்து அரிசியும் கலந்திருக்கும். அரிசி துறைமுகத்தில் இறங்கியதும் இலங்கைச் சோறாயிற்று. அதனைத் தம் உழைப்பால் வருவித்தவர்களுட் பலர் இலங்கையராக 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை, 55 ஆண்டுகள் காத்திருந்தனர். சீன வழியினருக்கான சட்டம் 2008இலே வந்தது. அவர்கள் காத்திருந்தது 60 ஆண்டு. என் பாட்டனார் அதுவரை இருக்கவில்லை.

ஆகவே, கலப்பைக் கடிந்து பேசும் நண்பர்களிடம் நான் வேண்டுவது இது. அயலது என்று ஒன்றைத் தள்ளுமுன், நம்மையும் ஒருகாலத்தில் அயலார் என்றே எழுதிவைத்தனர் என்பதை நினையுங்கள். புதுமையை விரும்பிச் சமைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: எப்பண்டத்தைச் சட்டியில் இட்டாலும் அதன் பெயரையும் ஊரையும், அதனைச் செய்தவர் யார் என்பதையும் கேட்டறிந்து இடுங்கள். தமிழாசிரியர்கள் திசைச்சொற் பாடம் நடத்தும் நாளிற் சீனியையும் சம்பலையும் எடுத்துக்காட்டாகக் கூறி, அவற்றோடு வந்த மக்களின் கதையையும் சொல்வார்களாக. நூற்பாவை மனனஞ் செய்யும் மாணவர், அது தம் வீட்டு அடுப்படிக்கும் உரியது என்பதை அன்று அறிவர்.