கொக்கைனும் தாயத்தும்

வீட்டில் ஒரு பிள்ளை போதைக்கு அடிமையாகிவிட்டான் என்று தெரிந்தவுடன் நம் ஜனங்கள் செய்கிற முதல் காரியம் என்ன? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுவது. ஏழரைச் சனி என்று அவன் சொன்னால் பரிகாரத்துக்குப் பணம் அழுவது. அல்லது சாமி முன் நிறுத்திக் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவது. கயிறு அறுந்தால் தெய்வக் குற்றம் என்று இன்னொரு கயிறு! கயிறு விற்றவனுக்கு நஷ்டமில்லை. பிள்ளையின் உடம்பு மட்டும் கரைந்துகொண்டே போகிறது.

கொக்கைன் பணக்காரர் சங்கதி, சினிமாக்காரர் சங்கதி, நமக்கென்ன என்பார் சிலர். 1900-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே கல்கத்தா, பம்பாய், டில்லி பட்டணங்களில் இது வெற்றிலையில் மடித்து விற்கப்பட்டது. உலகத்துக்கு இது மருந்தாகத்தான் அறிமுகமாயிற்று. 1860-ல் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமன் தென்னமெரிக்கக் கோக்கா இலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண் அறுவைக்கு மரத்துப்போகும் மருந்தாக உபயோகித்தார். அது மெய்யான நன்மை. அதே காலத்தில் பிராய்டு என்ற டாக்டர், மார்பியா பழக்கத்தை இதனால் மாற்றலாமென்று நம்பித் தம் நண்பருக்கே கொடுத்தார். நண்பர் மார்பியாவையும் விடவில்லை. கொக்கைனுக்கும் அடிமையாகி 1891-ல் மாண்டார். கோக்கா கலந்த ஒயினுக்குப் போப் 13-ஆவது லியோ தங்கப் பதக்கமே கொடுத்தார். பிராய்டு சொன்னது பிழை என்று மற்ற வைத்தியர்கள் சோதித்துக் கண்டு தள்ளினார்கள். போப்பின் பதக்கத்தைச் சோதிக்க எந்தப் பக்தன் முன்வருவான்?

இது நிற்க. மூளையில் டோபமின் என்ற சரக்கு சுரந்து, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுக்கப்பட வேண்டும். கொக்கைன் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அதனால் வரும் பரவசம், மூக்கால் உறிஞ்சினால், பெரும்பாலும் அரைமணிக்குள் தீர்ந்துபோகும். உடனே மறுபடியும் வேண்டும். இப்படியே பழகப் பழக மூளையின் நடப்பே மாறிவிடுகிறது. ஆகவே 'கொழுப்பெடுத்தவன்' என்று ஏசுவதும், 'தலைவிதி' என்று அழுவதும் ஒரே அறியாமையின் இரண்டு வேஷங்களேயாகும்.

அடையாளங்கள் என்னவெனில்: கண்ணின் கருமணி விரிந்திருக்கும். சளி இல்லாமலே மூக்கை உறிஞ்சுவான். மூக்கில் ரத்தம் வரும். ராத்திரி முழுவதும் தூக்கமின்றி ஓயாமல் பேசுவான், சாப்பாட்டைத் தொடமாட்டான், உடம்பு மெலியும். யாரோ தன்னை வேவு பார்ப்பதாகச் சந்தேகம், தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகப் பிரமை. (பேய் பிடித்தது என்று மந்திரவாதியைக் கூப்பிடுவது பெரும்பாலும் இங்கேதான்.) போதை இறங்கினாலோ நாள் முழுக்கத் தூக்கம், அகோரப் பசி, உயிரே வேண்டாமென்ற சோர்வு. பணம் காணாமற்போவதைச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் ஒன்றிரண்டைக் கண்டு யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. மூத்திரப் பரிசோதனையில் இரண்டு மூன்று நாள் வரை தெரியும். மார்வலி, வலிப்பு கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாராயத்தோடு சேர்த்தால் ஈரலில் வேறொரு நஞ்சு உண்டாகி இருதயத்தைத் தாக்கும்.

வைத்தியம் என்றதும் மாதக்கணக்கில் அடைத்துப் போடுவதென்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. கொக்கைன் பழக்கத்தை மாற்றுவதற்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை இதுவரை ஒன்றுகூட இல்லை. 'ஒரே வேளையில் குணம்' என்று பொடி விற்பவன் புளுகன் என்பதற்கு இதுவே ருஜு. பலன் தருவது பயிற்சியும் ஆலோசனையும்: எந்த இடம், எந்தச் சிநேகிதன், எந்த மனநிலை ஆசையைக் கிளப்புகிறதென்று கண்டு விலகப் பழகுவது, பரிசோதனையில் போதை இல்லையென்று தெரியும்போதெல்லாம் சிறு வெகுமதி கொடுப்பது. வெகுமதி முறைதான் மற்றவற்றைவிட நன்றாகப் பலித்திருக்கிறது. இதற்கு வாரத்துக்குச் சில தடவை புறநோயாளியாகப் போய்வந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். வேலையை விட வேண்டியதில்லை. தற்கொலை எண்ணம், புத்தி மாறாட்டம், கூடவே சாராயமும் அபினும் உள்ளவர்களை மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே நல்லது. நடுவில் ஒரு தடவை தவறினால், "பார்த்தாயா, திருந்தமாட்டான்" என்கிறார்கள். நீரிழிவுக்காரனுக்குச் சர்க்கரை ஏறினால் வைத்தியத்தை நிறுத்திவிடுகிறோமா?

கட்டிப்போட்டு அடிக்கும் இல்லங்களை என்னவென்பது! 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த மனநோயாளர்கள் 28 பேர் தீயில் மாண்டார்கள். தெய்வத்தை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்தான் அவர்கள். தீ வந்தபோது ஓடக்கூட முடியவில்லை. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி எவ்விதத்திலும் சங்கிலியிடுவது குற்றம். போதையால் வரும் மனக்கோளாறுகளும் அச்சட்டத்துக்குள் அடங்கும்.

போலீசுக்குப் பயந்தே பலர் வைத்தியரிடம் போவதில்லை. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாகவே வந்து அரசாங்க அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் வைத்தியம் செய்துகொள்பவனைச் சொந்த உபயோகத்துக்காகவும் சிறு அளவுக்காகவும் வழக்குத் தொடராமல் காக்கிறது. வைத்தியத்தை முழுவதும் முடிக்க வேண்டும். கொக்கைனில் சிறு அளவென்பது 2 கிராம் வரை. விற்பவனுக்கு இந்தச் சலுகை இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு எதுவென்று கேட்டுக் காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். முதலில் விசாரிக்க விரும்புவோர் 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். மனச்சோர்வு மிகுந்தால் 14416. பெற்றோர் தாமே பேசி யோசனை கேட்கலாம். பிள்ளை சம்மதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.